தண்ணீர் ஏறிய பிறகும்

நான் அப்போது பத்து வயதுப் பெண் பிள்ளை. அந்த வருஷம் எங்கள் வீட்டில் வாப்பாவும் சாச்சாவும் பேசிக்கொள்ளவில்லை. சாச்சா என்றால் வாப்பாவின் தம்பி. ஒரே வீடு. மாடியில் சாச்சாவும் சாச்சியும். கீழே நாங்கள். அடுப்பும் ஒன்றுதான். பேச்சு மட்டும் இல்லை.

ஆனாலும் ஒரு வீட்டில் இருந்தால் பேச வேண்டியது வரும். அதற்கு நான் இருந்தேன்.

"உங்க சாச்சாட்ட சொல்லு, குப்பைத் தொட்டிய வெளிய வைக்கச் சொல்லு" என்பார் வாப்பா. சாச்சா அதே சோபாவின் மறு ஓரத்தில்தான் உட்கார்ந்திருப்பார். நான் தலையைத் திருப்பிச் சொல்வேன். "வச்சாச்சுன்னு சொல்லு" என்பார் சாச்சா. நான் மறுபடி தலையைத் திருப்புவேன். சில நாள் நானாக ஒரு ப்ளீஸ் சேர்த்துக்கொள்வேன். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இரண்டு பேருமே என்னை முறைப்பார்கள்.

அதற்கு முந்தின வருஷம் எங்கள் சொந்த ஊரில் வாப்பாவின் வாப்பா மௌத்தாகிப்போனார். மௌத் என்றால் இறப்பு. அது எனக்குத் தெரியும். இவர்கள் பேசாமல் போனது அதற்குப் பிறகு என்றும் தெரியும். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியாது. நான் கேட்டேன். "போய்ப் படி" என்றாள் உம்மா.

எங்கள் பக்கம் சஹனில் சாப்பிடுவோம். பெரிய தட்டு. சுற்றி உட்கார்ந்து எல்லாரும் அதிலேயே கை வைப்பது. அந்த வருஷம் உம்மா இரண்டு சஹன் போட்டாள். ஒன்று கீழே, ஒன்று மாடிக்கு. மாடிக்குத் தூக்கிக்கொண்டு போவதும் என் வேலைதான்.

வாப்பா லாரி ஓட்டினார். சாச்சா பெட்ரோல் பங்கில் கடையைப் பார்த்துக்கொண்டார். நாங்கள் இருந்த ஊர் அமெரிக்காவில், பே ஏரியாவுக்குக் கிழக்கே டெல்டாவின் ஓரத்தில் இருந்தது. டெல்டா என்றால் நம் ஆட்களுக்கு தஞ்சாவூர்தான் ஞாபகம் வரும். இது வேறு. ஆறுகள் கிளை கிளையாகப் பிரிந்து நாணல் காட்டுக்குள் ஓடும். தண்ணீர் உப்பு இல்லை. ஆனால் கடல் ஏறினால் இதுவும் ஏறும், கடல் இறங்கினால் இறங்கும். பே ஏரியாவுக்குள்ளே மில்பிடாஸிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால், இங்கே போய் ஏன் இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். வாடகை குறைவு என்று உம்மா சொல்லுவாள்.

சாச்சாவின் கடையில் தூண்டில், ரப்பர் புழு, ஐஸ் எல்லாம் விற்பார்கள். அங்கே வருகிறவர்கள் பாதிப் பேர் பாஸ் பிடிக்க வருகிறவர்கள். பாஸ் ஒரு மீன். பச்சை முதுகு, பெரிய வாய், நம் ஊர் விரால் மாதிரி முரடு. அதற்குப் போட்டி வைப்பார்கள். பிடித்து, உயிரோடு கொண்டுவந்து, எடை போட்டு, திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவார்கள்.

"திங்கவும் இல்ல, விக்கவும் இல்ல. அப்ப எதுக்குப் போட்டு அத இழுக்குறாங்க?" என்று உம்மா கேட்பாள். யாரும் அவளுக்குச் சரியாகப் பதில் சொன்னதில்லை.

கடைச் சுவரில், ஐஸ் பெட்டிக்கு மேலே, ஜெயித்தவர்கள் மீனோடு நிற்கிற போட்டோக்களை சாச்சா ஒட்டியிருந்தார். வருஷத்துக்கு ஒரு குடும்பப் போட்டியும் உண்டு. ஒரு படகில் இரண்டு பெரியவர்கள், ஒரு பிள்ளை. பெரிய மீன் பிடித்த பிள்ளையின் போட்டோ நடுவில் இருக்கும். போன வருஷப் பையன் என் வகுப்புதான். கடைக்கு வரும்போதெல்லாம் தன் போட்டோவுக்குக் கீழே நின்று ஐஸ்கிரீம் தின்பான். எனக்கு அந்த இடம் வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

இதை உம்மாவிடம் சொன்னேன். உம்மா சாச்சியைப் பார்த்தாள். சாச்சி உம்மாவைப் பார்த்தாள். மறுநாள் வாப்பா, சாச்சா, நான் என்று மூன்று பேர் பெயரையும் கொடுத்துவிட்டார்கள்.

"நான் வரல" என்றார் வாப்பா.

"புள்ள ஆசைப்படுது" என்றாள் உம்மா.

மாடியிலும் இதே பேச்சு நடந்திருக்க வேண்டும். ஆனாலும் நான் கேட்டு அந்த இரண்டு பேரும் கடைசிவரை மாட்டேன் என்று நின்றதில்லை.

எங்கள் சொந்த ஊர் கடற்கரை ஊர்தான். ஆனால் எங்கள் குடும்பத்தில் யாரும் மீன் பிடித்ததில்லை. வாங்கித் தின்றதுதான். இங்கே வாடிக்கைக்காரர்கள் கடல் ஊர் ஆள் என்று சாச்சாவை மதிப்பாகப் பார்த்தார்கள். சாச்சா அதை மறுக்கவில்லை. கடையில் கேட்ட கதைகளையெல்லாம் தான் பார்த்த மாதிரி அடுத்த ஆளிடம் சொல்லுவார். அந்த நம்பிக்கையில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா தன் அலுமினியப் படகைக் கொடுத்தார். தண்ணீர் இறங்கும்போது நாணல் பக்கம் ஆழமில்லாத இடத்துக்குள் போகாதே என்று மட்டும் சொன்னார். சாச்சா தலையாட்டினார்.

காலையில் வெளிச்சம் வருகிற நேரத்துக்குப் படகுத்துறையில் இருந்தோம். தண்ணீர் நிறைய இருந்தது. நாணல் பாதிக்கு மேல் முங்கியிருந்தது. மூன்று மணிக்குள் திரும்ப வேண்டும், பிந்தினால் எடை போட மாட்டார்கள் என்று அங்கிருந்தவர் சொன்னார். உம்மா ஒரு பெரிய பொட்டலத்தை என் மடியில் வைத்தாள். கனமாக இருந்தது. சாச்சி தண்ணீர் பாட்டில் கொடுத்தாள். இரண்டு பேரும் கரையில் நின்று கையாட்டினார்கள். சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

படகில் வாப்பா முன்னால். சாச்சா பின்னால், மோட்டார் பக்கம். நான் நடுவில்.

முதல் ஒரு மணி நேரம் நன்றாகப் போனது. தண்ணீர் ஏறி நிற்கும்போது மீன் நாணலுக்குள் இருக்கும் என்று சாச்சா கடையில் கேட்டிருந்தார். அது உண்மைதான். வாப்பாவுக்கு ஒன்று மாட்டியது. கை நீளம்கூட இல்லை.

"உங்க வாப்பாட்ட கேளு, அது மீனா, மீனோட புள்ளையான்னு" என்றார் சாச்சா.

நான் கேட்டேன்.

"அவரு பிடிச்சது எங்கன்னு கேளு" என்றார் வாப்பா.

சாச்சா இரண்டு பிடித்தார். அவையும் சின்னதுதான். எங்கள் பழைய ஐஸ் பெட்டியில் ஆற்றுத் தண்ணீர் நிரப்பி, காற்று விடுகிற சின்ன மோட்டார் ஒன்றைப் போட்டு, மூன்றையும் அதில் விட்டோம். எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அப்புறம் மீன் கடிப்பது நின்றுவிட்டது. நாணலின் அடித்தண்டு தெரிய ஆரம்பித்தது. அதில் ஈரக்கோடு ஒன்று இருந்தது. முதலில் விரல் அகலம். பிறகு ஒரு சாண். நான் பார்த்தேன். அது என்ன என்று எனக்குத் தெரியவில்லை.

சாச்சா படகை நாணலுக்குள்ளேயே இன்னும் உள்ளே விட்டார். காலையில் மீன் கிடைத்த இடத்தை விட மனம் இல்லை. வாப்பா முன்னால் குனிந்து தண்ணீரைப் பார்த்தார்.

"உங்க சாச்சாட்ட சொல்லு, மோட்டார நிப்பாட்டச் சொல்லு."

"சாச்சா, மோட்டார நிப்பாட்டச் சொல்றாங்க."

"காதுல விழுந்துச்சு. எதுக்குன்னு கேளு."

"எதுக்கு வாப்பா?"

"தண்ணி இறங்குதுன்னு சொல்லு."

"தண்ணி இறங்குதாம்."

"தெரியும்னு சொல்லு. இன்னும் கொஞ்சம்..."

படகு மெத்தையில் ஏறுகிற மாதிரி ஏறி நின்றது. அடியில் சேறு. மோட்டார் கரகரவென்று கறுப்புத் தண்ணீரைக் கக்கிவிட்டு நின்றுபோனது.

சாச்சா எழுந்து, நங்கூரத்தை எடுத்துத் தண்ணீரில் போட்டார். ஏதாவது செய்ய வேண்டும் என்று செய்தார் போல.

"சேத்துல நிக்கிற படகுக்கு எதுக்கு நங்கூரம்னு கேளு" என்றார் வாப்பா.

நான் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துகொண்டிருந்தது.

சாச்சா படகுக்காரத் தாத்தாவுக்கு ஃபோன் போட்டார். தாத்தா சிரித்தது எனக்குக் கேட்டது. தண்ணீர் போகிற வரை போகும், அப்புறம் ஏறும், ஏறினால் படகு தானாக மிதக்கும், அதுவரை உட்கார்ந்திருங்கள் என்றாராம். எப்போது ஏறும் என்று கேட்டதற்கு, மதியத்துக்கு மேல் என்றாராம்.

மதியத்துக்கு மேல் என்றால் மூன்று மணிக்கு முன்னாலா பின்னாலா என்று நான் கேட்டேன். முன்னாலதான், கிளம்புனா போயிரலாம் என்றார் சாச்சா. அதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

தண்ணீர் இறங்கி இறங்கி, எங்களைச் சுற்றி எல்லாம் சேறாகிவிட்டது. கொஞ்சம் தள்ளி ஒரு வாய்க்கால் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. குறுகலானது. ஆனால் ஆழம். வேறு வேலை இல்லாமல் நான் தூண்டிலை அந்த வாய்க்காலில் வீசினேன். முதல் தடவை சேற்றில் விழுந்தது. இரண்டாவது தடவையும். அப்புறம் தண்ணீரில் விழுந்தது.

யாரோ கதவைச் சாத்துகிற மாதிரி ஒரு வெட்டு. கம்பு வளைந்தது. நான் எழுந்துவிட்டேன். இழுத்த இழுப்பில் படகின் ஓரத்தில் போய் மோதினேன். நாணலுக்குள் இருந்த மீனெல்லாம் தண்ணீரோடு இறங்கி அந்த வாய்க்காலுக்குத்தான் வந்திருக்கும். அது இப்போது தெரிகிறது. அப்போது கம்பு மட்டும்தான் தெரிந்தது.

மீன் ஒரு தடவை மேலே குதித்தது. வாயைத் திறந்து தலையை உதறியது. என் தலை அளவு வாய்.

"வாப்பாட்ட சொல்லு" என்று ஆரம்பித்தார் சாச்சா. நான் யாரிடமும் எதுவும் சொல்கிற நிலையில் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சாச்சா என்னைப் பார்த்தார். பிறகு வலையை எடுத்துக்கொண்டு படகிலிருந்து குதித்தார்.

சேறு அவரை இடுப்பு வரை உள்ளே வாங்கிக்கொண்டது.

"காக்கா" என்றார். எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம். "காக்கா, உள்ள போறேன்."

"கால ஊனாதடா" என்றார் வாப்பா. "ஊனாத. குப்புறப் படு. கைய விரிச்சுப் படுறா, கழுதை."

சாச்சா படுத்தார். படுத்தபடியே சேற்றில் நீந்திக்கொண்டு போய் வலையை வாய்க்காலில் நீட்டினார். வாப்பா என் இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "விடாத, விடாத, சுத்து" என்றார். மீன் இரண்டு தடவை வலையைத் தாண்டிப் போனது. மூன்றாவது தடவை உள்ளே வந்தது. சாச்சா அதை நெஞ்சோடு கட்டிக்கொண்டார். வாப்பா நங்கூரக் கயிற்றின் மறு முனையை அவரிடம் வீசி, காலைப் படகு விளிம்பில் உதைத்துக்கொண்டு இழுத்தார். சாச்சா கைக்கு எட்டியதும் சட்டையைப் பிடித்துத் தூக்கினார். சட்டை கிழிந்தது. இரண்டு பேரும் மல்லாந்து படகுக்குள் விழுந்தார்கள். நடுவில் என் மீன் துள்ளிக்கொண்டிருந்தது.

நான் அதை எடுத்து ஐஸ் பெட்டியில் விட்டேன். அது வளைந்துதான் இருக்க வேண்டியிருந்தது. திரும்பிப் பார்த்தால் இரண்டு பேரும் எழுந்திருக்கவே இல்லை. சாச்சாவுக்குக் கண் மட்டும்தான் வெள்ளை. வாப்பா சிரிக்க ஆரம்பித்தார். சத்தம் வராமல் வயிறு மட்டும் குலுங்கியது. அப்படி அவர் சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது.

"கடல் ஊர்க்காரன்" என்றார் வாப்பா.

"நீங்க பெரிய மாலுமி" என்றார் சாச்சா.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மீனுக்காகத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

பசித்தது. உம்மா கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தேன். துணிக்குள் வீட்டின் பெரிய சஹன். அதன் மேல் மூடி போட்டுக் கட்டிய பிரியாணி. தனித் தட்டு ஒன்றுகூட இல்லை. உம்மா மறந்துவிட்டாள் என்றேன். இரண்டு பேரும் அந்தத் தட்டையே பார்த்தார்கள்.

"கைய கழுவுடா" என்றார் வாப்பா, சாச்சாவிடம்.

மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தோம். சாச்சா தன் பக்கம் இருந்த கறியை வாப்பா பக்கம் தள்ளினார். வாப்பா அதை என் பக்கம் தள்ளினார். நான் தின்றேன்.

பாதிச் சாப்பாட்டில் வாப்பா கேட்டார். தட்டைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார்.

"நம்ம வாப்பா முகம் எப்படிடா இருந்துச்சு?"

சாச்சா கையை எடுத்துவிட்டார்.

"தூங்குற மாதிரி இருந்தாங்க காக்கா. கபன் துணி போட்டு முகத்த மட்டும் தொறந்து வச்சிருந்தாங்க. ஊர்லருந்து மச்சான் வீடியோ கால்ல ஃபோன கிட்டக்க கொண்டுபோய்க் காட்டுனாங்க. யாரோ தாடிய சீவி விட்டிருந்தாங்க."

"சீவியா?"

"சீவி."

"வாப்பாட்ட சீப்பே கிடையாதேடா."

"அதான். அத பாத்துத்தான் எனக்கு..."

சாச்சா பிறகு வேறு குரலில் சொன்னார். "நீங்க லாரியில இருந்தீங்க காக்கா. ஃப்ரீவேல. மழை வேற. அந்த நேரத்துல கூப்பிட்டு எப்படிச் சொல்றது? ஊருக்கும் போக முடியாது. கிரீன் கார்டு இல்ல, போனா திரும்பி வர முடியாது. கேட்டுட்டு அப்படியே ஓட்டுவீங்களேன்னு பயந்துட்டேன். வீட்டுக்கு வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அடக்கிட்டாங்க."

வாப்பா சஹனில் சிதறிக் கிடந்த சோற்றை நடுவுக்குக் கூட்டி, சாச்சா பக்கம் தள்ளினார்.

"ஓரமா நிறுத்திப் பாத்திருப்பேன்டா" என்றார்.

"ஆமா" என்றார் சாச்சா.

எனக்கு இந்தப் பேச்சில் ருசி இல்லை. பெட்டியைத் திறந்து மீனுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன்.

லுஹர், மதியத் தொழுகை நேரம் வந்தது. ஆற்றுத் தண்ணீரில் முகம், கை, கால் கழுவி ஒளு எடுத்தார்கள். சேறு போக ரொம்ப நேரம் ஆனது. ஃபோனைப் பார்த்துத் தொழுகைத் திசை பிடித்தார்கள். தூரத்து மலை மேல் மின்சாரக் காற்றாடிகள் வரிசையாக நிற்கும். படகின் மூக்கு அதற்கு நேராக இருந்தது. திசையும் கிட்டத்தட்ட அதுதான். நிற்க முடியாது என்று உட்கார்ந்தே தொழுதார்கள். வாப்பா முன்னால், சாச்சா அவருக்குப் பின்னால். பள்ளிவாசலில் அந்த வருஷம் முழுக்க இவர் முதல் வரிசை என்றால் அவர் கடைசி வரிசையாக இருக்கும்.

அவர்கள் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தபோது நான் காற்றாடியைத் தேடினேன். காணவில்லை. படகு திரும்பியிருந்தது, மூக்குக்கு நேரே தூரத்துப் பாலம் ஒன்று இருந்தது. நங்கூரக் கயிறு விறைத்து நின்றது. சேறு எங்கும் இல்லை.

"வாப்பா, படகு மிதக்குது" என்றேன்.

"ஆமாம்மா" என்றார் வாப்பா.

"போகலாம்."

"போகலாம்மா."

யாரும் எழுந்திருக்கவில்லை. சாச்சா தண்ணீரைப் பார்த்தார். வாப்பாவைப் பார்த்தார். மோட்டார் பக்கம் போகவில்லை.

"திரும்பச் சொல்லு" என்றார் வாப்பா. "மொதல்லருந்து. யாரு ஃபோன் பண்ணா?"

சாச்சா முதலிலிருந்து சொன்னார். யார் கூப்பிட்டது, யார் குளிப்பாட்டியது, உடலை வைத்த சந்தூக்கை யார் யார் தூக்கியது, எந்தத் தெரு வழியாகப் போனது. நடுநடுவே வாப்பா பெயர் கேட்பார். அவனா என்பார். அவனும் வந்தானா என்பார். முடிந்ததும் தாடி சீவினதை மட்டும் இன்னொரு தடவை கேட்டார். கேட்ட கதையையே மறுபடி ஏன் கேட்கிறார் என்று எனக்கு எரிச்சல். நாணலின் ஈரக்கோடு முங்கிப்போனது. மற்றப் படகுகள் தூரத்தில் வரிசையாகத் துறைக்குப் போகிற சத்தம் கேட்டது.

"மூணு மணிக்குள்ள போகணும்" என்றேன். "வாப்பா. சாச்சா. மூணு மணி."

"இரும்மா" என்றார்கள். இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தராசைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்தவர் கடிகாரத்தைக் காட்டித் தலையை ஆட்டினார். பெட்டியைத் திறந்து பார்த்தார். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். நேரத்துக்கு வந்திருந்தால் இதற்குத்தான் முதலிடம் என்று என்னிடம் இங்கிலீஷில் சொன்னார். நல்ல மனுஷர். சொல்லாமல் இருந்திருக்கலாம். மீனை நானே தண்ணீரில் விட்டேன். அது திரும்பிப் பார்க்காமல் போனது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் பேசவில்லை. இரண்டு பேரிடமும் பேசுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். இப்போது நான் மில்பிடாஸில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறேன். பின் சீட்டில் எந்தப் பிள்ளையாவது அப்படி உம்மென்று உட்கார்ந்திருந்தால், கண்ணாடியில் பார்க்கும்போது எனக்கு அந்த நாள் வந்துவிடும்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கும் நான் போகவில்லை. அறையில் படுத்துக்கொண்டேன். வெளியே வாப்பாவின் குரல் கேட்டது.

"டேய், அவகிட்ட சொல்லு, சாப்பிட வரச் சொல்லு."

"நீங்களே சொல்லுங்க காக்கா. என்னட்டயும் பேசல."

"நீதான படகக் கொண்டுபோய் சேத்துல ஏத்துன?"

"நீங்க ஒழுங்கா வாயத் தொறந்து சொல்லியிருந்தா நான் ஏன் ஏத்துறேன்?"

"சொன்னேன்டா."

"யாருட்ட சொன்னீங்க?"

குரல் ஏறிக்கொண்டே போனது. வீடே அதிர்ந்தது. சண்டை பெரிதாகிவிட்டது, எல்லாம் என்னால்தான் என்று பயந்து, எழுந்து அடுக்களைக்குப் போனேன்.

உம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். முந்தானையை வாயில் வைத்திருந்தாள். தோள் குலுங்கியது. பக்கத்தில் சாச்சி மூக்கை உறிஞ்சினாள். மேடை மேல் ஒரே ஒரு சஹன் இருந்தது.

அந்த போட்டோ இடம் கிடைக்காமல் போனதற்கு இவர்களும் இவ்வளவு அழுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. எனக்கே பாவமாக இருந்தது. போய் உம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"அழாதீங்க உம்மா. அடுத்த வருஷம் நேரத்துக்கு வந்துருவோம்."

உம்மா குனிந்து என் தலையில் முத்தம் கொடுத்தாள். தலையில் இன்னும் சேற்று வாடை இருந்திருக்கும்.

"ஒண்ணும் அவசரம் இல்ல புள்ள" என்றாள்.

உம்மாவுக்கு மீன் போட்டியைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று நினைத்துக்கொண்டு, சாப்பிட உட்கார்ந்தேன்.